பதில் சொல்லக் கூடாத இடம்

இரவு மணி பதினொன்று நாற்பது. பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குப் போகிற உள்ரோடு... பெரிய ரோடு இல்லை, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வளைந்து வளைந்து போகுமே, அது. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. விளக்குக் கம்பம் இருக்கிறது. விளக்கு எரிவதில்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். அதற்குள் ஒரே ஒரு ஆள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை நான் இரைந்து சொல்லப் போவதில்லை.

எனக்கு நடந்ததில்லை இது. நம் தனேஷ் இருக்கிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் கமலநாதன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே நாலாவது மாடியில் வீடு. பகலில் பங்சாரில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் ஆனால் அவன் வேறு ஆள். யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தான். பிரபலமான ராக் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, இந்த வரிக்குள் ஒளிந்திருப்பது என்ன, எழுதியவன் உண்மையில் யாரை நினைத்து எழுதினான் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வான். இங்கிலீஷ் பாட்டில் ஆரம்பித்து நம் ஊர்ப் பாட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று தனேஷே சொல்வான். எந்தப் பாட்டையும் சும்மா கேட்க மாட்டானாம். வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே இருப்பானாம். உரிக்கிறவன் கண்ணில்தான் தண்ணீர் வரும் என்பதை யோசிக்கவில்லை பாவம்.

அன்றைக்கு அவன் பந்திங் போனது 'பந்தல்' பாட்டுக்காக.

இருபது வருடத்துக்கு முன்னால் கிள்ளானில் 'கரித்துண்டு' என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது. நான்கு பேர். அவர்கள் ஒரே ஒரு பாட்டால்தான் பேர் வாங்கினார்கள். அந்தப் பாட்டு இப்படிப் போகும்:

வாசல்ல பந்தல் இருக்கு
வந்தவங்க கையில பூ இருக்கு
அடுப்பு மட்டும் எரியல
கால் ரெண்டையும் கட்டிட்டாங்க...
வரியா?

'வரியா' என்றதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நாலு தட்டு... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஒரு சத்தமும் இருக்காது. அதற்குப் பிறகுதான் கித்தார் உள்ளே வரும்.

நம் ஜனங்களுக்கு ஒரு இடம் காலியாகக் கிடந்தால் பொறுக்குமா? அந்த நாலு தட்டுக்குள் கூட்டம் முழுக்க "வரேன்" என்று கத்த ஆரம்பித்தது. அப்புறம் அது கல்யாணப் பாட்டாகிவிட்டது. கிள்ளானில், செராஸில், எங்கே கல்யாண விருந்து நடந்தாலும் பாடகர் 'வரியா' என்று நிறுத்திவிட்டு மைக்கைப் பெண்ணிடம் நீட்டுவார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே "வரேன்" என்பாள். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

பதினொரு வருடத்துக்கு முன்பு கமலநாதன் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. மாதவி வெட்கமெல்லாம் படவில்லை. மைக்கைப் பிடுங்கிச் சத்தமாகச் சொன்னாள். அன்றிலிருந்து அது இருவருக்குள்ளும் ஒரு பழக்கம். அவன் வேலை முடிந்து வந்து, காரைக் கீழே நிறுத்தி, போன் போடுவான். ஹலோ கிடையாது. "வரியா?" என்பான். அவள் "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வருவாள். இரண்டு பேரும் சாப்பிடப் போவார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான் அவர்களுடைய குடும்பம் என்றே சொல்லலாம்.

பாட்டின் அர்த்தம் தனக்கு எப்போதோ தெரியும் என்றுதான் கமலநாதன் நினைத்திருந்தான். காதலித்த பெண்ணை வீட்டில் அடைத்துவிட்டார்கள், வேறு மாப்பிள்ளைக்குப் பந்தல் போட்டாயிற்று, அவள் காதலனைக் கூப்பிடுகிறாள். சேனலில் அப்படித்தான் பேசுவதாக இருந்தான். இருந்தாலும் பேண்டில் இருந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பேசினால் மதிப்பாக இருக்குமே என்று, டிரம்ஸ் வாசித்த வாசுவைத் தேடிப் போனான். வாசு இப்போது பந்திங்கில் டயர் கடை வைத்திருக்கிறார். கடையை மூடிய பிறகுதான் பேசுவேன் என்று சொல்லிவிட்டார்.

கமலநாதன் தன்னுடைய விளக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை வாசு கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"காதல் பாட்டா? அது சிவநேசன் பொண்டாட்டி செத்த வீடு தம்பி."

சிவநேசன்தான் பாட்டை எழுதிப் பாடியவர். கல்யாணமாகி ஆறே மாதத்தில் அவர் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். தோட்டத்து வீடு. வாசலில் பந்தல் போட்டார்கள். வந்தவர்கள் கையில் மாலை. பிணம் எடுக்கும்வரை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்... பாட்டு வரி வரியாக அப்படியே இருக்கிறது. ஒளித்து வைக்கவே இல்லை. இருபது வருடமாக எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வரேன்' என்று சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரிந்ததுதான். பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அந்த வீட்டுக்கு நாம் மறுபடி அதே காரியத்துக்கு வரக் கூடாதே. சிவநேசனுக்கும் தெரியும். ஆனால் மனிதன் ஆறு மாதமாகத் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவியிடம் 'வரேன்மா' என்று சொல்லிவிட்டுப் போனவன். பிணத்தைத் தூக்கப் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ வாங்கக் கடைக்குப் போகவேண்டி எழுந்தார். வாசற்படியில் நின்று, பழக்க தோஷத்தில், உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரியிலிருந்து அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. அந்த உள்ரோட்டில், வேலை முடிந்து வரும்போது. அவள் குரல். ஒரே ஒரு தடவை. "வரியா?"

வாசு சொன்னார். "நாலு எண்ணுவானாம். வாயத் தொறக்க மாட்டானாம். நாலு தாண்டிட்டா அன்னிக்கு விட்டுரும். அதத்தான் பாட்டா போட்டான். ரெக்கார்டிங்ல அந்த எடத்துல நான் லேசா ஒரு குச்சி தட்டிட்டேன். எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டான். இங்க மட்டும் யாரும் பேசக் கூடாதுடான்னு அழுதான் தம்பி."

மூன்று வருடம் சிவநேசன் அந்தக் குரலுக்கு வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கிள்ளானில் ஒரு திடலில் கச்சேரி. 'வரியா' என்று பாடி நிறுத்தினார். இரண்டாயிரம் பேர் ஒரே குரலில் அவருக்காகப் பதில் சொன்னார்கள். அதுதான் முதல் தடவை. சிவநேசன் கித்தாரைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பதினாறாம் நாள் அந்த உள்ரோட்டில் அவருடைய கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. உயிர் மட்டும் இல்லை.

"அவன் போயிட்டா நின்னுரும்னு நெனச்சோம்," என்றார் வாசு. "நிக்கல. முன்ன அந்த ரோட்டுல பொம்பளக் கொரல் மட்டுந்தான். இப்ப சில பேருக்கு ஆம்பளக் கொரல் கேக்குதாம். பெரிய ரோட்டுலயே போங்க தம்பி. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க."

கமலநாதன் எழுந்து, "சரிண்ணே, வரேன்," என்றான். வாசு ஷட்டரை இழுத்து மூடிவிட்டார்.

பெரிய ரோட்டில் லோரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. போலீஸ்காரர் டார்ச்சை ஆட்டி எல்லாரையும் உள்ரோட்டுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். விதி என்று சொல்வதா, வேறு எதையாவது சொல்வதா? முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாக ஏதோ ஒரு கம்பத்துக்குள், ரோட்டோரச் சின்ன ஊருக்குள், திரும்பிவிட்டன. மிச்சம் இவன் மட்டும்.

ரேடியோவை அணைத்தான். போனைச் சத்தமில்லாமல் போட்டுப் பக்கத்து சீட்டில் கவிழ்த்து வைத்தான். ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. ஆனாலும் காருக்குள் சாம்பிராணி வாசனை வந்தது. லேசாக... பிறகு கனமாக. அதற்குள் இன்னொரு வாசனை. ஒரு நாள் முழுக்கப் பிணத்தின் மேல் கிடந்த மல்லிகை எப்படி மணக்கும் என்று தெரியும் அல்லவா? அது.

ஒரு வளைவு. சிக்னல் போட்டான். டிக்... டிக்... டிக்...

பின் சீட்டில் யாரோ உட்காரும்போது ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். கண்ணாடியைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்க்கவில்லை.

காதுக்குப் பின்னால், மிகவும் பக்கத்தில்.

"வரியா?"

பல்லைக் கடித்துக்கொண்டான். டிக்... ஒன்று. டிக்... இரண்டு. பதினொரு வருடப் பழக்கம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. டிக்... மூன்று. உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. டிக்... நான்கு.

சீட் ஸ்பிரிங் மறுபடி மேலே எழும்பியது. வாசனை போய்விட்டது. டாஷ்போர்டில் மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கிள்ளான் வெளிச்சம் தெரிகிறவரை அவன் அழுதுகொண்டே ஓட்டினான். தப்பித்துவிட்டோம் என்ற அழுகை.

வீட்டுக் கதவைத் திறந்தால் மாதவி விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை. தலையில் மல்லிகை. அவள் முகத்தில் கோபம்.

"வரச் சொல்லிட்டு எங்க போனீங்க? கீழ எறங்கிக் கால் மணி நேரம் நின்னேன். ஒரு நாய்கூட இல்ல."

எப்போது வரச் சொன்னேன் என்று கேட்டான். ரொம்ப நேரமாகிவிட்டதே என்று அவள்தான் போன் போட்டாளாம். அவன் எடுத்தானாம்.

"எடுத்த உடனே வரியான்னு கேட்டீங்க. தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சு. மழையில நனைஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ என்ன சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான். வரேன்னு."

போனை எடுத்துப் பார்த்தான். பதினொன்று ஐம்பத்திரண்டு. மாதவியின் அழைப்பு. பேசிய நேரம் பதினாறு வினாடி. கவிழ்த்து வைத்த போனை அவன் தொடவே இல்லை. தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் காத்த பதிலை, அது அவளிடம் போய் வாங்கிவிட்டதே என்று அவனுக்குப் புரிந்தது. பூ எதற்கு என்று மட்டும் கேட்டான். வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது, நீங்கள் வாங்கி மாட்டிவிட்டுப் போனீர்கள் என்று நினைத்தேன் என்றாள். ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம் என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

டக். டக். டக்.

"என்னங்க... அடுப்பு பத்தல."

புது சிலிண்டர். மறுநாள் கேஸ் கடைக்காரர் வந்து பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று ஒரே திருகலில் பற்ற வைத்துக் காட்டினார்.

கமலநாதன் நாட்களை எண்ண ஆரம்பித்தான். சாமி கும்பிட்டான், மாதவி கையில் கயிறு கட்டினான். காரணம் கேட்டவளிடம் ஆபீஸில் கண்திருஷ்டி என்று ஏதோ உளறினான். சேனலில் ஒரு வீடியோ போட்டான். பாட்டின் அர்த்தத்தையெல்லாம் சொல்லி, அந்த நாலு தட்டில் தயவுசெய்து யாரும் பதில் சொல்லாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். இதுவரை அவனுடைய எந்த வீடியோவையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. சூப்பர் லா பாஸ், புல்லரிக்குது என்று கீழே எழுதினார்கள். அவனுக்கு அதைப் படிக்கவும் தெம்பில்லை. தனேஷிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான்.

பதினாறாம் நாள் காலை. ஜன்னலைத் திறந்தான். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் லோரி ஒன்று நின்றது. ஆட்கள் இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் நாளைக்குக் கல்யாணமாம்.

பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது.

அன்று இரவு மாதவியைத் தனியாக விட அவனுக்குத் தைரியம் இல்லை. தனேஷ் வந்துவிட்டான். எதிர்வீட்டு விஜயனும் அவர் மனைவி மலர்விழியும் வந்தார்கள். கீழே துணிக்கடை வைத்திருக்கும் கௌஸ் பாய் வந்தார். சாப்பிட்டு முடித்து, பத்து மணிக்கு மாதவி தலைவலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் கமலநாதன் கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னான். எல்லார் போனையும் வாங்கி அணைத்து அரிசிப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினான். பதினொன்று ஐம்பத்திரண்டைத் தாண்டிவிட்டால் போதும் என்றான்.

உட்கார்ந்திருந்தார்கள். மலர்விழி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கௌஸ் பாய் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பது... ஐம்பத்தொன்று... சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் சத்தம். ஐம்பத்திரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தைந்து. ஒருச்சாய்த்த கதவு வழியாக மாதவியின் மூச்சு சீராகக் கேட்டது. தனேஷ் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். கௌஸ் பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், கிளம்பலாம் என்று எல்லாரும் எழுந்தார்கள்.

விஜயன் கமலநாதனின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். மலர்விழி தலையை மட்டும் ஆட்டினாள். கௌஸ் பாய் எப்போதும் மாடிப்படி அதிர "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். அன்று கையை நெஞ்சில் வைத்துக் காட்டிவிட்டு, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்போதுதான் கமலநாதனுக்கு உறைத்தது. கதையைக் கேட்டு அவர்கள் பயந்துவிட்டார்கள். அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே பயந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட 'வரேன்' என்று சொல்லவில்லை. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

எப்படிப்பட்ட வீட்டிலிருந்து அப்படிக் கிளம்புவார்கள்?

உள்ளே ஓடி விளக்கைப் போட்டான். மாதவி மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கை இரண்டும் பக்கத்தில் நேராகக் கிடந்தன. போர்வை முழங்கால் வரைதான் இருந்தது. கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன. பூ உதிர்ந்த மல்லிகை நாரால். நார் ஈரமாக இருந்தது.

ராத்திரி தங்குவதாக இருந்த தனேஷ் அறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். கமலநாதன் மண்டியிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். ஈர நார் வழுக்கியதில் பிடி கிடைக்கவில்லை. அப்போது கீழே பந்தலில் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் பாட்டைப் போட்டார்கள். கல்யாண வீடு. வேறென்ன பாட்டுப் போடுவார்கள்?

"...கால் ரெண்டையும் கட்டிட்டாங்க..."

கமலநாதன் முடிச்சை விட்டுவிட்டு எழுந்தான். கத்துங்கள், எல்லாரும் சேர்ந்து கத்துங்கள் என்று அவன் மனம் கீழே இருந்தவர்களைக் கெஞ்சியது. அந்தக் கூட்டத்துச் சத்தத்தில் இவளுடைய ஒரு குரல் தொலைந்துபோகும் அல்லவா.

"வரியா?"

ஆனால் கீழே இருந்தவர்கள் அவனுடைய வீடியோவைப் பார்த்தவர்கள். நல்ல பிள்ளைகள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்தல், தெரு, மாடி, எல்லாம் அமைதி. அந்த அமைதி நேராக இந்த அறைக்குள் வந்து நின்றது.

ஒன்று.

மாதவியின் கண் மூடியே இருந்தது. இரண்டு. தொண்டை ஏறி இறங்கியது. பாய்ந்து போய் அவள் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினான். மூன்று. சத்தம் வரவில்லை. ஒரு சின்ன முனகல்கூட வெளியே வரவில்லை, அது சத்தியம் என்கிறான் தனேஷ்.

நான்கு ஆவதற்குள், கமலநாதனின் உள்ளங்கைக்குள், அவள் உதடுகள் அசைந்தன.

இரண்டே அசைவு.